பக்கத்துல பாட்டில் ஸ்டோர் இருந்தா 13 வயசு பையன் குடிக்கப் பழகிடுவானா?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த்ங்கிற ஏரியாவுல இருக்கிற ஒரு அம்மா கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் வேலைக்காக ஊர்ல இருந்து டர்பன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகுதாம், பையன் ஸ்கூலுக்கு நடந்து போற வழியில ஏற்கனவே ரெண்டு பாட்டில் ஸ்டோரும் (மது பாட்டில் விக்கிற கடை) ஒரு டாவர்னும் (உட்கார்ந்து குடிக்கிற கடை) இருக்கு, இப்ப இன்னொரு கடைக்கு லைசென்ஸ் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கு, பையனுக்கு 13 வயசு, கடை கூடக்கூட பிள்ளைங்க குடிக்கிறதும் கூடுமா, வீட்டையே மாத்திட்டு போயிடலாமான்னு. நான் இங்க டர்பன்ல ஸ்கூல் பிள்ளைங்களோட குடி, போதை விஷயத்துலதான் வேலை பார்க்கிறேன், தினமும் பார்க்கிற விஷயம், அதனால பதில் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

நேரடியா கேட்டீங்க, நேரடியாவே சொல்லிடறேன். கடைங்க நெருக்கமா இருக்கிற ஏரியாவுல சின்ன வயசுலயே குடிக்கிறது கூட இருக்குன்னு சில ஆய்வு சொல்லுது, சிலதுல பெருசா தொடர்பு தெரியல. ஆனா 12, 13, 14 வயசுப் பிள்ளை கையில முதல் கிளாஸ் வந்து சேர்றது பெரும்பாலும் கடை கவுண்டர்ல இருந்து கிடையாது. வீட்டு ஃபிரிட்ஜ், சித்தப்பா, பெரியம்மா பையன், ஃப்ரெண்டோட அண்ணன், இப்படி நல்லா தெரிஞ்ச கை வழியாத்தான் வருது. அந்தத் தெரிஞ்ச கைக்கு பாட்டில் எவ்வளவு மலிவா, எவ்வளவு பக்கத்துல, ராத்திரி எத்தனை மணி வரைக்கும் கிடைக்குதுங்கிறதை முடிவு பண்றதுதான் கடைங்களோட வேலை. அதனால கடையா வீடான்னு பிரிச்சு வெச்சு யோசிச்சா தப்பான இடத்துல போய் நிப்போம், ரெண்டும் ஒரே பாதைதான், கடையில ஆரம்பிச்சு பெரியவங்க வழியா பிள்ளைகிட்ட வந்து முடியுது.

கலிஃபோர்னியாவுல 14ல இருந்து 16 வயசு பிள்ளைங்களை மூணு வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வு 2010ல வந்துச்சு, 50 அஞ்சல் ஏரியாவுல இருந்து ஆயிரத்துக்கு மேல பிள்ளைங்க. சுத்துவட்டாரத்துல கடை நெருக்கம் அதிகமா இருந்த இடங்கள்ல, ஆய்வு ஆரம்பிச்சப்பவே பிள்ளைங்க குடிக்கிறதும் அளவு மீறிக் குடிக்கிறதும் கூட இருந்துச்சு. இதை மட்டும் படிச்சா கடைதான் காரணம்னு தோணும். ஆனா அதைவிட சின்னப் பிள்ளைங்களை, ஆறாங் கிளாஸ்ல இருந்து எட்டாங் கிளாஸ் வரைக்கும், சிகாகோவுல கவனிச்சப்போ வேற ஒண்ணு தெரிஞ்சுது. 12 வயசுல வீட்ல மது கைக்கு எட்டுற மாதிரி இருந்ததும், அப்பா அம்மாவே ஊத்திக் கொடுத்ததும்தான் 14 வயசுக்குள்ள குடி கூடினதோட பலமா சேர்ந்து வந்துச்சு. பிள்ளை எங்க இருக்கான் யாரோட இருக்கான்னு வீட்ல கவனிக்கிறதும் பெரிய விஷயமா இருந்துச்சு. வயசு கூடக்கூட கடையோட பங்கு கூடும், 16, 17ல முகத்துல மீசை வந்ததும் அவனே கவுண்டர்ல நிப்பான். உங்க பையனுக்கு இன்னும் அந்த வயசு வரல, அது உங்களுக்கு கிடைச்சிருக்கிற நேரம்.

"வெளிய போய் திருட்டுத்தனமா குடிக்கிறதுக்கு நம்ம கண்ணு முன்னாடி ஒரு வாய் குடிச்சுப் பழகட்டும், அப்பதான் அளவு தெரியும்"னு சொல்றவங்க இங்கயும் இருக்காங்க, ஊர்லயும் இருக்காங்க. இதை ஆஸ்திரேலியாவுல ஆறு வருஷம் உட்கார்ந்து பார்த்தாங்க, கிட்டத்தட்ட 1,900 பிள்ளைங்களும் அவங்க அப்பா அம்மாவும், முடிவு 2018ல வெளிவந்துச்சு. அப்பா அம்மா கொடுத்ததால பிள்ளைங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கல. மாறா, வீட்ல வாங்கினவங்க அடுத்த வருஷம் வெளிய வேற ஆளுங்ககிட்டயும் வாங்க ஆரம்பிக்கிறது கூடுச்சு. இதை நான் ஒவ்வொரு பேரண்ட்ஸ் மீட்டிங்லயும் சொல்றேன், ஏன்னா அந்த "ஒரு வாய்" கொடுக்கிறவங்க கெட்டவங்க கிடையாது, பிள்ளை மேல பாசத்துலதான் கொடுக்கிறாங்க, ஆனா அது வேலை செய்யல.

சரி, தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். இங்க 8ல இருந்து 11ஆம் கிரேடு வரைக்கும் படிக்கிற பிள்ளைங்ககிட்ட நாடு முழுக்க 2002, 2008, 2011னு மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் ஏறக்குறைய பாதிப் பேர் எப்பவாவது குடிச்சிருக்கோம்னு சொன்னாங்க. நாலுல ஒருத்தர் அளவுக்கு, போன மாசத்துல ஒரே நேரத்துல அஞ்சு கிளாஸோ அதுக்கு மேலயோ குடிச்சிருக்காங்க. 13 வயசு ஆகறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சவங்க ஏறக்குறைய 12 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் அதிகம் பயத்தோட பார்ப்பேன். அமெரிக்காவுல 1997ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, 15 வயசுக்கு முன்னாடி குடிக்க ஆரம்பிச்சவங்கள்ல 40 சதவீதம் பேர் பின்னாடி குடிக்கு அடிமையானாங்க, 20 வயசுக்கு அப்புறம் ஆரம்பிச்சவங்கள்ல அது 10 சதவீதம்தான். சின்ன வயசுல ஆரம்பிச்சதே முழுக் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, வீட்டுக் கஷ்டம், அப்பா குடிக்கிறது, இதெல்லாம் ரெண்டுக்குமே பின்னாடி இருக்கலாம். ஆனாலும் தள்ளிப்போற ஒவ்வொரு வருஷமும் பிள்ளைக்கு லாபம்தான்.

இந்த நாட்டோட குடியில ஒரு விசித்திரம் இருக்கு, புதுசா வர்றவங்களுக்கு இது தெரியாது. பெரியவங்கள்ல பெரும்பான்மை குடிக்கவே மாட்டாங்க. குடிக்கிறவங்க மட்டும் பயங்கரமா குடிப்பாங்க, உலக சுகாதார நிறுவனம் 2016க்குப் போட்ட கணக்குல, குடிக்கிற ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 30 லிட்டர் சுத்தமான ஆல்கஹால் வருது. அதுல நிறைய வார இறுதியில, சம்பள நாள்ல, ஒரே மூச்சுல. பிள்ளைங்க பார்த்துக் கத்துக்கிறதும் அந்த மாதிரிதான், அளவா ஒரு கிளாஸ் குடிக்கிறதை அவங்க பார்த்ததே இல்ல, பாட்டில் காலியாகற வரைக்கும் குடிக்கிறதுதான் குடின்னு நினைச்சிருக்காங்க.

கடைக் கணக்கைப் பத்தி ஒரு விஷயம். ஆய்வுங்கள்ல லைசென்ஸ் லிஸ்ட்டை வெச்சு எண்ணுவாங்க. இங்க அது பாதிக் கதைதான், ஏன்னா லைசென்ஸ் இல்லாத ஷெபீன் (வீட்லயே நடத்துற குடிக்கடை) இருக்கு, வீட்டு ஜன்னல் வழியா குவார்ட் (பெரிய பியர் பாட்டில்) விக்கிற ஆன்ட்டி இருக்காங்க, இப்ப ஃபோன்ல ஆர்டர் பண்ணா பைக்ல கொண்டு வந்து கேட்ல கொடுத்துட்டுப் போறாங்க, அந்த கேட்ல யார் வந்து வாங்கறாங்கன்னு டெலிவரி பையன் எவ்வளவு உத்துப் பார்ப்பான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. கடை வாசல்ல நிக்கிற பெரிய ஆள்கிட்ட காசு கொடுத்து "எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுங்க அங்கிள்"னு கேக்கற பிள்ளைங்களும் இருக்காங்க. உங்க ரோட்ல மூணு கடைன்னு நீங்க எண்ணினது நிஜத்துல இன்னும் கூட இருக்கும். அதே நேரத்துல, கடைக்காரங்க ஏற்கனவே குடிக்கிறவங்க அதிகமா இருக்கிற, வாடகை கம்மியான இடமாப் பார்த்துத்தான் கடை போடுவாங்க, அதனால கடை குடியைக் கொண்டு வந்துச்சா, குடி கடையைக் கொண்டு வந்துச்சான்னு பிரிக்கிறது கஷ்டம். ஆய்வுங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாம இருக்கிறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

கடை கூடினா என்னதான் ஆகும்னு கேட்டா, முதல்ல போட்டி. மூணு கடை ஒரே ரோட்ல இருந்தா ஒருத்தர் ஸ்பெஷல் போடுவார், இன்னொருத்தர் அதைவிடக் குறைப்பார், மூணாவது ஆள் ஐடி கேக்கறதை விட்டுடுவார், ஏன்னா இங்க கேட்டா அங்க போயிடுவாங்க. அடுத்தது பழக்கம், தினமும் ஸ்கூல் யூனிஃபார்ம்ல அந்த போர்டு, அந்தக் கூட்டம், வெள்ளிக்கிழமை மத்தியானத்துல இருந்தே நிக்கிற வரிசை, இதையெல்லாம் பார்த்துக்கிட்டு நடக்கிற பிள்ளைக்கு குடிங்கிறது ரொட்டி வாங்கற மாதிரி ஒரு சாதாரண விஷயம் ஆயிடுது. அப்புறம் வீட்ல இருக்கிற பெரியவங்களுக்கு, தீர்ந்தா நடந்து போய் அஞ்சு நிமிஷத்துல வாங்கிடலாம், அதனால குடி இன்னொரு சுத்து போகும். இந்த மூணாவதுதான் சின்னப் பிள்ளைங்களை அதிகம் தொடுதுங்கிறது என் அனுபவம்.

ஊர்ல இருந்து வந்ததால உங்களுக்கு இங்க இருக்கிற முறை குழப்பமா இருக்கும். தமிழ்நாட்டுல 2003ல இருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில, அரசாங்கமே கடையை மூடலாம் திறக்கலாம், வாங்க 21 வயசு ஆகணும். இங்க கடை தனியார், மாகாணம் லைசென்ஸ் கொடுக்கும், வயசு 18. 2016ல ஒரு வரைவுத் திருத்தம் வந்துச்சு, வயசை 21 ஆக்கணும், ஸ்கூல், கோயில், சர்ச் மாதிரி இடங்கள்ல இருந்து 500 மீட்டருக்குள்ள லைசென்ஸ் கூடாதுன்னு, ஆனா அது சட்டமாகாம அப்படியே நின்னு போச்சு. நல்ல வரைவு, நிறைவேறியிருந்தா இந்த மாதிரி நோட்டீஸ் சிலதாவது குறைஞ்சிருக்கலாம்.

இருக்கிற 2003ஆம் வருஷச் சட்டத்துல 18க்குக் கீழ யாருக்கும் மது விக்கவோ கொடுக்கவோ கூடாதுன்னு இருக்கு, வயசை சரி பார்க்க விக்கிறவர் நியாயமான முயற்சி எடுக்கணும்னும் இருக்கு. கூடவே ஒரு விலக்கு, அப்பா அம்மாவோ கார்டியனோ, மதச் சடங்கு நடத்துறவரோ, எப்பவாவது கொஞ்சமா, தங்க கண்ணு முன்னாடி குடிக்கக் கொடுக்கலாம். இந்த விலக்கைத்தான் நம்ம ஆளுங்க இழுத்து இழுத்து சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அங்கிள் வரைக்கும் கொண்டு போயிடறாங்க. சட்டத்துல மாமாவுக்கு இடம் கிடையாது. முனீஸ்வரன் பூஜைக்கு கேன் ஸ்பிரிட் (கரும்புச் சாராயம்) வைக்கிற வீடுங்க இங்க உண்டு, படையல் முடிஞ்சதும் அந்த பாட்டில் ஆம்பளைங்க நடுவுல சுத்தும், அப்ப பையனையும் கூப்பிட்டு மூடியில கொஞ்சம் ஊத்திக் கொடுக்கிறதை நான் பார்த்திருக்கேன். சாமிக்கு வெச்சது சாமியோட இருக்கட்டும், பூஜையில தப்பு சொல்லல, பையன் கையில கொடுக்க வேண்டாம்னுதான் சொல்றேன்.

2022 ஜூன் 26, இந்த நாட்டு ஈஸ்ட் லண்டன் நகரத்துல சீனரி பார்க்ங்கிற குடியிருப்புல, என்யோபெனி டாவர்ன்ல 21 பிள்ளைங்க ஒரே ராத்திரியில செத்துப் போனாங்க. அதுல சின்ன வயசு 13. வீடுங்களுக்கு நடுவுல இருந்த, லைசென்ஸ் உள்ள டாவர்ன் அது. லைசென்ஸ் இருக்கிறதால எல்லாம் ஒழுங்கா நடக்கும்னு யாராவது உங்ககிட்ட சொன்னா இதை ஞாபகப்படுத்துங்க.

கிடைக்கிறதைக் குறைச்சா ஏதாவது ஆகுமான்னு சந்தேகப்படறவங்களுக்கு 2020 லாக்டவுன் ஒரு பெரிய பாடம். மார்ச் 27ல இருந்து மே கடைசி வரைக்கும் மது விற்பனை முழுசா நின்னுச்சு, ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவெல்லாம் காலியாச்சு. அப்ப யாரும் வெளியவே வரலியே, அதனாலதான்னு சொல்லலாம், நியாயமான கேள்விதான். ஆனா ஜூன் 1 கடை திறந்ததும் கூட்டம் திரும்ப வந்துச்சு, ஜூலை 12 மறுபடி தடை போட்டதும் திரும்பக் குறைஞ்சுது, அப்ப ஜனங்க ஓரளவு வெளிய நடமாடிக்கிட்டுத்தான் இருந்தாங்க. இன்னொரு பக்கம், முதல் தடை சமயத்துல அன்னாசிப்பழம் விலை எகிறிச்சு, வீட்லயே ஈஸ்ட் போட்டு அன்னாசி பியர் காய்ச்சினாங்க. ட்ரம் மூலையில, மூடி திறந்தே கிடக்கும், பிள்ளைங்க சுத்தி விளையாடும். கடையை மட்டும் மூடிட்டு வீட்டைக் கவனிக்காம விட்டா எங்க போய் நிக்கும்னு அப்ப தெரிஞ்சுது.

இப்ப நீங்க என்ன பண்ணலாம்னு வர்றேன். உங்க வீட்ல யாரும் குடிக்காம இருக்கலாம், அது எனக்குத் தெரியாது, குடிச்சா அதைப் பூட்டி வைங்க, எவ்வளவு இருக்குன்னு கணக்கு வைங்க. பையனை ஐஸ் வாங்க, கூலர் பாக்ஸைத் தூக்க, பியர் எடுத்துட்டு வான்னு அனுப்பாதீங்க, வேற யாரையும் அனுப்ப விடாதீங்க. ஞாயித்துக்கிழமை ப்ராய்னா (வெளிய நெருப்புல கறி சுட்டுச் சாப்பிடறது) இங்க ஆம்பளைங்க நெருப்பு பக்கத்துல கையில கிளாஸோட நிப்பாங்க, பிள்ளைங்கதான் வீட்டுக்குள்ளயும் வெளியவும் ஓடிக்கிட்டிருக்கும், பாதி குடிச்ச கிளாஸ் எல்லா இடத்துலயும் கிடக்கும். கல்யாணத்துல ஹாலுக்குள்ள ஒண்ணும் இருக்காது, பார்க்கிங்ல கார் டிக்கியைத் திறந்து வெச்சுக்கிட்டு நாலு பேர் நிப்பாங்க, அங்கதான் 13, 14 வயசு பசங்க போய் ஒட்டிக்கிறது. ஹாலுக்குள்ள உட்கார்ந்து சேலை, நகை பேசிக்கிட்டிருக்கிற நேரத்துல ஒரு தடவை எழுந்து பார்க்கிங் பக்கம் போய்ப் பாருங்க. யாராவது கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். சொந்தக்காரங்ககிட்ட முன்கூட்டியே, சண்டை இல்லாம, "எங்க பையனுக்கு 18 ஆகற வரைக்கும் யாரும் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது அண்ணா"னு சொல்லி வெச்சிடுங்க, நம்ம ஜனங்க நேரடியாச் சொன்னா பெரும்பாலும் மதிப்பாங்க.

ஃப்ரெண்ட் வீட்ல ராத்திரி தங்கப் போறான்னா அந்த வீட்டு அம்மாவுக்கு ஃபோன் பண்ணி, வீட்ல பெரியவங்க யார் இருப்பாங்கன்னு கேளுங்க. வெக்கப்பட வேண்டாம், மத்த அம்மாக்களும் அதைத்தான் கேக்க நினைக்கிறாங்க. பையன்கிட்ட பேசும்போது ஈரல் கெட்டுப்போகும்னு பயமுறுத்தி பிரயோஜனம் இல்ல, 13 வயசுக்கு ஈரல் எல்லாம் ரொம்ப தூரம். யாராவது நீட்டினா என்ன சொல்லித் தப்பிக்கலாம், அசிங்கப்படாம எப்படி அங்கிருந்து கிளம்பலாம், எந்த நேரத்துல ஃபோன் பண்ணாலும் திட்டாம வந்து கூட்டிட்டுப் போவோம், இதைப் பேசுங்க. பேசினதைக் காப்பாத்துங்க, ஒரு தடவை வந்து கார்லயே கத்தினா அடுத்த தடவை ஃபோன் வராது.

லைசென்ஸ் நோட்டீஸ் விஷயத்துல தாமதிக்காதீங்க, ஆட்சேபம் சொல்ல கொடுக்கிற நாள் ரொம்பக் கம்மி, நோட்டீஸ்ல கடைசி தேதி எதுன்னு முதல்ல பாருங்க. குடி கெட்டது, எங்க கலாச்சாரத்துக்கு ஒத்து வராதுன்னு எழுதினா அது ஃபைல்ல போய்த் தூங்கிடும். ஸ்கூல் கேட்ல இருந்து கடைக்கு எத்தனை மீட்டர், அந்த ரோட்ல ஏற்கனவே எத்தனை கடை, எத்தனை மணிக்குப் பிள்ளைங்க அந்த வழியா நடக்கிறாங்க, தெரு விளக்கு எரியுதா, இப்ப இருக்கிற கடை வாசல்ல யார் நிக்கிறாங்க, என்ன நடக்குது, இதையெல்லாம் எழுதி ஃபோட்டோவோட கொடுங்க. தனியா போடறதைவிட ஸ்கூல் கவர்னிங் பாடி (ஸ்கூல் நிர்வாகக் குழு) லெட்டர்ஹெட்ல, கோயில் கமிட்டி, பக்கத்து சர்ச், மசூதி எல்லாரும் தனித்தனியா போட்டா கனம் கூடும். இதெல்லாம் வீண் வேலைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2022ல வந்த கல்விச் சட்டத் திருத்த மசோதாவுல ஸ்கூல் விழாவுல மது விக்க அனுமதி வாங்கலாம்னு ஒரு ஷரத்து இருந்துச்சு, ஜனங்க எதிர்த்தாங்க, எடுத்துட்டாங்க.

லைசென்ஸ் கிடைச்சே தீரும்னு வந்தாக்கூட நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்க, ஸ்கூல் விடற நேரத்துல வாசல்ல கூட்டம் கூடாம பார்த்துக்கணும், ஜன்னல்ல விளம்பரம் ஒட்டக் கூடாதுன்னு நிபந்தனை கேளுங்க. கடைக்காரரையும் நேர்ல போய்ப் பாருங்க. என் அனுபவத்துல சில கடைக்காரங்க, பிள்ளைங்களோட அம்மாங்க நாலு பேர் வந்து மரியாதையா பேசினதுக்கு அப்புறம் யூனிஃபார்ம்ல யார் வந்தாலும் வாசல்லயே நிறுத்த ஆரம்பிச்சாங்க.

வீடு மாத்தறதைப் பத்தி, இந்த ஒரு காரணத்துக்காக மாத்த வேண்டாம்னுதான் நான் சொல்வேன். டர்பன் பக்கத்துலயே ஃபீனிக்ஸ் போனாலும் டோங்காட் போனாலும் பாட்டில் ஸ்டோர் இருக்கும், நல்ல ஏரியான்னு சொல்ற இடத்துல கடை கம்மியா இருக்கும், ஆனா அங்க வீட்டுக்குள்ளயே பார் கவுண்டர் கட்டி வெச்சிருப்பாங்க. இப்ப இருக்கிற இடத்துல பையனுக்கு நல்ல ஸ்கூல், நல்ல ஃப்ரெண்ட்ஸ், சாயங்காலம் போக ஒரு ஃபுட்பாலோ மிருதங்க கிளாஸோ இருந்தா அதை உடைக்காதீங்க, மத்தியானம் 3 மணியில இருந்து நீங்க வீடு திரும்பற வரைக்கும் அவன் எங்க இருக்கான்ங்கிறதுதான் முக்கியம். டாவர்ன் வீட்டுச் சுவரை ஒட்டியே இருந்து, ராத்திரி சண்டையும் சத்தமுமா இருந்தா அது வேற, அப்ப மாத்துங்க.

ஒருவேளை ஏற்கனவே குடிக்க ஆரம்பிச்சுட்டான்னு சந்தேகம் வந்தா, வாயில வாசனையை மறைக்க எப்பவும் சூயிங்கம், காசு காணாம போறது, பழைய ஃப்ரெண்ட்ஸை விட்டுட்டு வயசுல பெரிய பசங்களோட சுத்தறது, திடீர்னு மார்க் இறங்கறது, இப்படி ரெண்டு மூணு சேர்ந்து வந்தா, அடிக்காதீங்க, சேன்காவோட டர்பன் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போங்க, இந்த நாட்டுல குடி, போதைப் பழக்கத்துல இருந்து வெளிய வர உதவுற பழைய அமைப்பு அது, பிள்ளைங்களோட பேசத் தெரிஞ்சவங்க இருக்காங்க. சைல்ட்லைன் 116க்கு நீங்களும் கூப்பிடலாம், அவனும் தனியா கூப்பிடலாம், காசு கிடையாது. ஆட்சேபக் கடிதத்தை இங்கிலீஷ்ல எழுத உதவி வேணும்னா நோட்டீஸ்ல இருக்கிற கடை முகவரியும் கடைசி தேதியும் எழுதி அனுப்புங்க, நான் உட்கார்ந்து எழுதித் தர்றேன்.